விசுவமடுவுக்கு ஓர் எலெக்ட்ரிக் கிற்றார்

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு பக்கத்து வளவு அண்ணை கடைக்கு வந்தார். விசுவமடுவில் றேடியோ, போன் திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. வந்தவர் ஒன்றும் கதைக்காமல் போனை நீட்டினார். இணையத்தில் வந்த ஒரு விளம்பரம். கறுப்பு நிறக் கிற்றார், மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு முனை, நடுவில் மண்டையோட்டுப் படம். விலை 45,000 ரூபா. வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம்.

"தம்பி, மூத்தவள் ஓ.எல். எழுதி முடிச்சிட்டாள். கோயில்ல உங்கட கிற்றாரை வாங்கி வாங்கி வாசிச்சுப் போட்டு, இப்ப தனக்கும் கரண்ட் கிற்றார் ஒண்டு வேணுமெண்டு நிக்கிறாள். இது நல்ல சாமானோ? காசு கட்டட்டோ?"

"கட்டாதேங்கோ அண்ணை. ஒரு கிழமை பொறுங்கோ" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நெல் விற்ற காசு கையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உரத்துக்கும் கடனுக்கும் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. அது எனக்கும் விளங்கும். ஆனால் 2014 இல் நான் விட்ட பிழையை அந்தப் பிள்ளையும் விடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

நான் கிற்றார் பழகியது சின்ன மாமாவிடம். புதுக்குடியிருப்பில் எங்கள் கோயில் பாடகர் குழாமுக்கு அவர்தான் வாசிப்பார். அது சாதாரண மரக் கிற்றார். 2009 இல் எந்த இடத்தில் அது விடுபட்டதென்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. மீள்குடியேறி, வீடு கட்டி, கடையும் போட்டு, முதல் தடவையாகக் கொஞ்சம் மிச்சக் காசு பார்த்தது 2014 இல். அந்தக் காசோடு கொழும்புக்குப் போய் ஒருவர் வீட்டில் பாவித்த எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்றை வாங்கினேன். நல்ல சிவப்பு. உடலில் கம்பிகள் பூட்டியிருக்கிற பிரிட்ஜில் ஒரு தண்டு இருக்கும். அதை அமத்தினால் சுரம் அப்படியே கீழே இறங்கி, விட்டதும் மேலே வரும். விற்றவர் அதை ஒருதரம் செய்து காட்டினார். அதோடு நான் வேறொன்றையும் பார்க்கவில்லை. ரயிலில் கிளிநொச்சி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த பிரிட்ஜுக்குப் பெயர் ஃபிளொயிட் றோஸ். கம்பியின் ஒரு முனை பிரிட்ஜிலும் மற்ற முனை தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்குகிற நட்டிலும் ஆணி போட்டு இறுக்கியபடி இருக்கும். பிரிட்ஜ் உடலில் பொருந்தி நிற்காது. முன்னால் கம்பிகள் இழுக்க, பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் மிதந்துகொண்டிருக்கும். நல்லதாக அமைத்துவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் சுருதி விலகாது. அதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்கின் கை ஓங்கிவிடும். பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து மிச்ச ஐந்து கம்பியும் ஒரேயடியாகச் சுருதி ஏறிவிடும்.

எங்கள் கோயில் திருநாளுக்கு முதல்நாள், வேஸ்பர் என்கிற மாலை ஆராதனைக்கு ஒரு மணித்தியாலம் இருக்க, முதலாம் கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி இல்லை. பிரிட்ஜைக் கழற்ற அறுகோணத் திறப்பு வேண்டும், அதுவும் இல்லை; விற்றவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மோட்டச் சைக்கிளில் கிளிநொச்சிக்கு ஓடினேன். அன்றைக்குக் கிடைத்தது மரக் கிற்றாருக்குப் போடுகிற வெண்கலக் கம்பிதான். அதைப் போட்டுப் பார்த்தால் மெல்லிய கம்பிகள் கத்துகின்றன, தடித்த கம்பிகள் முனகுகின்றன. கிற்றார் இல்லாமலேதான் அன்றைக்குப் பாடினோம்.

மெல்லியதும் தடித்ததும் ஏன் அப்படி வேறுபட்டன என்று விளங்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. விளங்கியபோது நினைவுக்கு வந்தது தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுத் திண்ணை. கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லில் டைனமோவை முட்டவிட்டு, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் மங்கும். அந்த டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு செம்புக்கம்பிச் சுருளும்தான். காந்தம் சுழல, சுருளில் கரண்ட் பிறக்கும்.

எலெக்ட்ரிக் கிற்றாரின் பிக்கப்பும் அதே வேலைதான். தலைமயிரிலும் மெல்லிய செம்புக்கம்பியை ஏழாயிரம் எண்ணாயிரம் தடவை காந்தத்தைச் சுற்றிச் சுற்றியிருப்பார்கள். டைனமோவில் காந்தம் ஓடும். இங்கே காந்தமும் சுருளும் அசையாமல் இருக்க, மேலே இரும்புக் கம்பி ஆடும். அந்த ஆட்டம் காந்தப்புலத்தைக் கலைக்க, சுருளில் நூல் போலக் கரண்ட் பிறக்கும். அதை அம்ப் பெரிதாக்கும். ஆகவே கம்பி காந்தத்தில் பிடிக்கிற உலோகமாக இருக்க வேண்டும். வெண்கலம் சுற்றிய கம்பியில் உள்ளிருக்கும் உருக்கு நரம்பு மட்டுமே பிக்கப்பின் கண்ணுக்குத் தெரியும். நைலோன் கம்பி தெரியவே தெரியாது. எலெக்ட்ரிக் கிற்றாருக்கு நிக்கல் பூசிய உருக்குக் கம்பிதான் வேண்டும். அது எங்கள் சந்திக் கடைகளில் கிடைக்காத சாமான். வாங்குகிற அன்றே மூன்று செட் கம்பியும், முதலாம் கம்பியில் உதிரியாக நாலைந்தும் சேர்த்து வாங்கி வாருங்கள். அடிக்கடி அறுவது அதுதான்.

அந்தப் பிழைக்குப் பிறகு நான் ஒன்றை மனதில் முடிவு செய்துகொண்டேன். கொழும்பில் இருக்கிறவர் எதையும் வாங்கலாம். பழுதானால் திருத்துகிறவர் இருக்கிறார், கம்பி அறுந்தால் கடை இருக்கிறது. நாங்கள் வாங்க வேண்டியது, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஈயம் ஒட்டுகிற கோலும் இருந்தால் எங்கள் வீட்டு மேசையிலேயே கழற்றிப் பூட்டக்கூடிய கிற்றார். எந்தக் கிற்றாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, கம்பனி பெயருக்கும் முன்னால், இதுதான்: இது குழம்பினால் நானே சரிசெய்வேனா?

அண்ணையிடம் இதை விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. "அப்ப அந்த மண்டையோடு?" என்று கேட்டார். பிள்ளைக்கு அந்தப் படம் பிடித்திருந்தால் அதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை. பார்த்ததும் கையில் எடுக்கத் தோன்றாத கிற்றார் சுவரில்தான் தொங்கும். ஆனால் அந்த விளம்பரத்தில் பிரிட்ஜ் தெரியிற படம் இல்லை, விரல் வைத்து வாசிக்கிற நீளமான பகுதியான நெக்கின் பின்பக்கம் இல்லை, தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஆளோடு ஆள் நின்று, கையில் எடுத்து வாசித்துப் பார்க்காமல் ஒரு கிற்றாருக்கும் காசு கட்டக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் யாழ்ப்பாணம் போனோம். அண்ணையிடம் இருந்தது 90,000 ரூபா. பஸ்ஸில் ஏறமுதலே நான் சொன்னது: "அண்ணை, இது கிற்றாருக்கு மட்டுமில்லை. அம்ப், வயர், ரியூனர், கம்பி, பை எல்லாம் இதுக்குள்ள வரவேணும். கிற்றாருக்கு அறுபது, மிச்சத்துக்கு முப்பது." 2022 இல் ரூபா சரிந்த பிறகு இந்தச் சாமான்களின் விலை எங்கேயோ போய்விட்டது. முழுக் காசையும் கிற்றாருக்குக் கொட்டிவிட்டு, அம்ப் இல்லாமல் வீட்டு செற்றில் குத்தி வாசிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிக்கப்பில் இருந்து வருகிற சமிக்ஞை செற்றின் இன்புட்டுக்குப் பொருந்தாது; ஒலி மூடிப்போய், கம்பளிக்குள்ளே இருந்து வருகிற மாதிரி இருக்கும். பிள்ளை தன் விரலில்தான் பிழை என்று நினைத்து விட்டுவிடும்.

முதலாவது பார்த்தது ஒரு கடையில், புதிது, பெயர் கேள்விப்படாதது, 48,000. பார்வைக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி. ஃபெண்டர் கம்பனி 1954 இல் கொண்டுவந்த வடிவம் அது. உலகத்தில் பலர் எலெக்ட்ரிக் கிற்றார் என்றதும் நினைப்பது அதைத்தான். நான் அதைத் துவக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து, உடல் பக்கத்தில் இருந்து நெக் ஓரமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நெக்கின் இரண்டு ஓரமும் நேர்கோடாக ஓட வேண்டும். அதில் ஒரு ஓரம் முறுகியிருந்தது. முன்னோக்கியோ பின்னோக்கியோ வளைந்த நெக்கை உள்ளே இருக்கிற ட்ரஸ் ரொட் என்ற இரும்புத் தண்டைத் திருப்பி நிமிர்த்தலாம். முறுகியதை நிமிர்த்த முடியாது. கடைக்காரத் தம்பி "அண்ணை, புதுச் சாமான், அப்படி இராது" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டு வந்தோம். ஆறு கம்பியும் சேர்ந்து அந்த நெக்கை எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால் இதில் விட்டுக்கொடுக்க மனம் வராது. மெல்லிய செட், அதாவது கம்பியின் தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் 9 பங்கில் தொடங்கி 42 இல் முடிவது, ஏறத்தாழ 38 கிலோ இழுக்கும். 10 இல் தொடங்குகிற செட் 46 கிலோ அளவில், ஒரு சீமெந்துப் பையின் பாரத்துக்குக் கிட்ட. அந்தப் பாரத்தை இரவு பகலாகத் தாங்குகிற மரம் அது.

இரண்டாவது, ஒரு ஆசிரியர் விற்க வைத்திருந்த, கிப்சன் கம்பனியின் லெஸ் போல் வடிவம். நல்ல கிற்றார். பிள்ளை எடுத்து ஒரு கோட், அதாவது பல சுரம் சேர்ந்த ஒலி, பிடித்ததும் முகம் மலர்ந்தது. "மாமா, இதில விரல் நோகேல்லை." அதற்குக் காரணம் இருக்கிறது. கிப்சன் வகைக் கிற்றாரில் நட்டில் இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பியின் நீளம் 24.75 அங்குலம், ஃபெண்டர் வகையில் 25.5. முக்கால் அங்குலம் குறைந்தால் அதே சுரத்துக்குக் கம்பியை அவ்வளவு இறுக்கத் தேவையில்லை, நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான பிரெட்டுகளும் கொஞ்சம் கிட்டக்கிட்ட வரும். கை சிறிய பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் பாரம் நாலு கிலோவுக்கு மேல். தோளில் போட்டுப் பத்து நிமிடம் நிற்கச் சொன்னேன், ஐந்தாவது நிமிடத்தில் தோளை மாற்றினாள். அதோடு அந்த வகையில் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். மல்லாக்க விழுந்தால் முதலில் அடிபடுவது அதுதான், வெடிப்பது நட்டுக்குப் பின்னால் உள்ள ஒடுக்கமான இடம். நகத்தால் தடவிப் பார்த்தேன். மெல்லிய கோடு ஒன்று, மேலே வார்னிஷ். ஒருதரம் உடைந்து ஒட்டியிருக்கிறார்கள். கேட்டதும் அந்த ஆசிரியர் மறைக்காமல் ஒத்துக்கொண்டார். ஒழுங்காக ஒட்டினால் அது பல வருடம் நிற்கும், அதை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் பரந்தன் சந்தியில் பஸ் மாறி, நெல் மூட்டைகளுக்கு நடுவில் தூக்கிவர வேண்டிய பிள்ளைக்கு அது சரிவராது. நெக் உடலோடு ஒட்டியபடி இருக்கிறதால் கழற்றி மாற்றவும் முடியாது.

மூன்றாவதுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். யமஹா பசிஃபிக்கா 012. வெளிநாடு போன மகனுடையது. கட்டிலுக்குக் கீழே பைக்குள் இரண்டு வருடம் கிடந்திருக்கிறது. கம்பியெல்லாம் துரு. அம்மா 70,000 சொன்னார். துருவைப் பார்த்து அண்ணையின் முகம் போன போக்கில் "வாங்கோ போவம்" என்று எழும்பிவிட்டார். அவரை இருத்தினேன். துருக் கம்பி என்பது கழற்றி எறிகிற சாமான். பார்க்க வேண்டியது கழற்றி எறிய முடியாத பகுதிகள்.

நெக் நேராக இருந்தது. ஆறாம் கம்பியை முதலாம் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அமத்தி, ஏழாம் எட்டாம் பிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். ஒரு விசிற்றிங் கார்ட் நுழையிற அளவு. அது சரி. பன்னிரண்டாம் பிரெட்டில் கம்பியின் உயரம் இரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. அதைப் பிரிட்ஜில் உள்ள சின்ன ஆணிகளால் குறைக்கலாம். பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பிரெட்டிலும், ஒன்றும் விடாமல், தட்டிக் கேட்டேன். இதற்குப் பத்து நிமிடம் போகும். விற்கிறவர் அலுத்துக்கொள்வார். பரவாயில்லை, காசு எங்களுடையது. ஒரு இடத்தில் மட்டும் கம்பி உரசிக் கரகரத்தது, கம்பியை மாற்றினால் போகக்கூடியது. பிரெட்டுகளில் கம்பி அறுத்த பள்ளம் இல்லை. பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேரே கம்பியில் விரலைப் பட்டும் படாமலும் வைத்துத் தட்டினால் மணிபோல ஒரு சுரம் கேட்கும். அதே இடத்தில் அமத்தித் தட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். இரண்டும் ஒத்துவந்தது. ஒத்து வராவிட்டால் மேலே ஏறஏறக் கோட் எல்லாம் கள்ளச் சுரமாகக் கேட்கும். பிரிட்ஜில் திருத்தக்கூடியதுதான், ஆனால் பழைய கம்பியில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பிரெட் ஓரமாக உள்ளங்கையை ஓட்டினேன், அங்கே கொஞ்சம் கீறியது. எங்கள் பக்கத்து வெயிலுக்கு இது வழமை: மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, ஆகவே பிரெட் முனை வெளியே நீட்டும். சின்ன அரத்தால் மெதுவாக உரசினால் போதும்.

கையில் மல்ட்டி மீற்றர் கொண்டுபோயிருந்தேன். எலெக்ட்ரிக் கிற்றார் பார்க்கப் போகிறவர் எவரும் அதைக் கொண்டுபோவதாகத் தெரியவில்லை, கொண்டுபோக வேண்டும். வயரைக் கிற்றாரில் குத்தி, சத்தத்தை முழுதாகத் திறந்து, வயரின் மற்ற முனையில் ஓம் அளந்தால், ஒவ்வொரு பிக்கப்பாக மாற்ற மாற்ற ஐந்தாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையில் ஏதோ ஒரு எண் வரும். கொஞ்சம் கூடினாலும் பயமில்லை. எண் லட்சக்கணக்கில் ஏறினாலோ வரவே இல்லாவிட்டாலோ சுருள் அறுந்திருக்கிறது, அல்லது ஈயம் விட்டிருக்கிறது. பசிஃபிக்காவில் மூன்றும் வந்தது. சத்தம் கூட்டுகிற குமிழ் மட்டும் திருப்பும்போது கரகரத்தது. கிளீனர் அடித்தால் போய்விடும் என்று எனக்குத் தெரியும், விலை கதைக்கும்போது அது உதவியது.

பிக்கப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் ஊருக்கு அது முக்கியம். ஒரே சுருள் உள்ள சிங்கிள் கொயில் தெளிவாக, கண்ணாடி மாதிரி ஒலிக்கும். கம்பியின் ஆட்டத்தோடு சுற்றியுள்ள வயர்களின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். 1955 இல் கிப்சன் கம்பனியில் சேத் லவர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சுற்றையும் காந்தத்தையும் மற்றதற்கு எதிராக்கினார். கம்பியின் ஒலி இரண்டிலும் கூடும், வெளி இரைச்சல் ஒன்றை ஒன்று அழிக்கும். அதுதான் ஹம்பக்கர். பழைய வயரிங், ஜெனரேற்றர், மேடையில் கிற்றார் வயரோடு பிணைந்து கிடக்கிற லைற் வயர், இவைதான் எங்கள் கோயில் திருவிழாக்களின் நிலைமை. ஆகவே ஒரு ஹம்பக்கராவது இருக்கிற கிற்றாரை வாங்குங்கள் என்று நான் எவருக்கும் சொல்வேன். பசிஃபிக்காவில் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மிச்சம் இரண்டும் சிங்கிள் கொயில். பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியாது. எந்த ஒலி தனக்குப் பிடிக்கும் என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கலாம்.

எல்லாம் பார்த்து முடிய, பிள்ளையிடம் கொடுத்து இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். துருக் கம்பியில் விரல் கறுத்துப் போயிருந்தது. நிறுத்தவில்லை. "பிள்ளை, லெஸ் போலா இதா?" என்றேன். "அது விரலுக்கு லேசா இருந்தது மாமா. ஆனா இதை நிண்டுகொண்டு வாசிக்கலாம்." 62,000 க்கு அம்மா சம்மதித்தார். நெக் நாலு ஆணியில் பூட்டியது, தலை சாயாதது, உள்ளே முழுக்க நான் கடையில் தினமும் தொடுகிற வகை உதிரிப்பாகம். எனக்கு வயிறு நிறைந்தது.

கிற்றாருக்கு என்று வைத்த கணக்கில் இரண்டாயிரம் தாண்டிவிட்டது. மிச்சக் காசில் பாவித்த 10 வாட் அம்ப் ஒன்று 17,000 க்கு. வீட்டு அறைக்குப் பத்து வாட் தாராளம். நூறு வாட் வாங்கினால் அது ஒலிக்க வேண்டிய அளவுக்குத் திறக்கவே ஏலாது, அயல் முழுக்க எழும்பி வரும். ஹெட்போன் குத்துகிற துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கரண்ட் நிற்கிற வீட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. சூம் கம்பனியின் ஜி1 வகைச் சின்னப் பெடல்கள் நாலு பென் பற்றரியில் ஓடும், ஹெட்போனில் கேட்கலாம், கோயில் மிக்ஸரில் நேரே குத்தினாலும் ஒலி மூடிப்போகாது. 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் நான் அம்பே இல்லாமல் வாசித்தேன். எலெக்ட்ரிக் கிற்றார் கரண்ட் இல்லாமலும் மெல்லக் கேட்கும், விரல் பயிற்சிக்கு அது போதும்.

அண்ணை வீட்டில் அம்பைக் குத்தினதும் பிள்ளை "மாமா, கை விறுவிறுக்குது" என்றாள். உடனே நிறுத்தினேன். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது நல்ல அறிகுறி. கம்பிகள் அம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். தொட்டால் இரைச்சல் கூடினால் கிற்றாருக்குள் எங்கோ எர்த் வயர் விட்டிருக்கிறது. ஆனால் விறுவிறுப்பது வேறு, அது வீட்டு வயரிங்கின் குற்றம். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் எர்த் தண்டு மண்ணில் இருக்கிறது, அதில் பூட்டின வயர் துருப்பிடித்துக் கழன்று கிடக்கிறது. ட்ரிப் சுவிட்சும் அமத்திப் பார்த்தால் விழவில்லை. வயரிங் வேலைக்காரரைக் கூப்பிட்டு இரண்டையும் சரிசெய்த பிறகுதான் அம்பைத் திரும்பப் போட விட்டேன். அந்த வீட்டில் கிற்றாருக்கு முன்பே மோட்டரும் பிரிஜ்ஜும் ஓடின. கிற்றார் வந்திராவிட்டால் எவருமே பார்த்திருக்கமாட்டார்கள்.

மேடையில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு கையும் கம்பியில் இருக்க, உதடு மைக்கில் படும். அம்ப் ஒரு வழியாலும் மைக் இன்னொரு வழியாலும் கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த் இல்லாவிட்டால், நடுவில் பாதையாக இருப்பது பாடுகிறவரின் உடம்பு. ஸ்கொட்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 இல் மேடையிலேயே எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சல் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிற ஆட்களை நான் திருவிழாக்களில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அம்பும் மிக்ஸரும் எர்த் உள்ள ஒரே இடத்தில் இருந்து கரண்ட் எடுக்கட்டும்.

பருவம் மாறுவதையும் கிற்றார் உணரும். சோளகக் காற்றுக் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே சுவரில் தொங்கவிட்டால் மரம் காயும், நெக் பின்னால் வளையும், கம்பி பிரெட்டில் உரசும். மாரி பிறந்து ஈரம் ஏறினால் நெக் முன்னால் வளைந்து கம்பி உயரும். ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள். திருப்பி, ஒரு இரவு விட்டு, மறுநாள் பாருங்கள். விரல் வைக்கிற பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூச வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்து மணக்கும். இப்போது வருகிற, ஃபெண்டர் கம்பனியின் விலை குறைந்த ஸ்குவையர் கிற்றார்கள் பலவற்றில் அந்தப் பலகை இந்தியக் கருமருது. எங்கள் ஆற்றங்கரை மருதின் இனம். அதைக் கேள்விப்பட்ட நாளில் இருந்து எனக்கு அந்த மரத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

பசிஃபிக்காவின் பிரிட்ஜும் ஆடுகிற வகைதான், ஃபிளொயிட் றோஸ் மாதிரிச் சிக்கலானது இல்லை. அதையும் ஆடாமல் நிறுத்தினேன். உடலுக்குள் ஸ்பிரிங் இருக்கிற குழியில், பிரிட்ஜ் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் முதிரைத் துண்டு ஒன்றைச் சீவி இறுக்கமாகச் செருகினேன். தச்சு வேலைக்காரரிடம் கழிவாகக் கிடந்த துண்டு. இனி ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் அசையாது. என் சிவப்புக் கிற்றாரிலும் இப்போது முதிரைத் துண்டுதான் இருக்கிறது.

கார்த்திகையில் நல்ல மழை. ஒரு பின்னேரம் பிள்ளை குடையோடு கடைக்கு வந்தாள். முதலாம் கம்பி அறுந்துபோய் உதிரிக் கம்பி ஒன்று போட்டாளாம், மற்றதெல்லாம் சுருதியில் அப்படியே நின்றதாம். வந்தது அதைச் சொல்ல இல்லை. "மாமா, அடுத்த முறை 9 செட்டை விட்டு 10 செட் போட்டுப் பாக்கட்டோ? இப்ப விரல் தாங்கும்." தாங்கும்தான், ஆனால் செட் மாறினால் இழுவை கூடும், நெக் திரும்ப வளையும், ட்ரஸ் ரொட் பார்க்க வேண்டும் என்றேன். "பாக்கிறதுக்குத்தானே திறப்பு வாங்கி வச்சிருக்கிறன்" என்று பையில் இருந்து எடுத்துக் காட்டினாள். வருகிற சனி அண்ணைக்கு வயல் வேலையாம். நாங்கள் இரண்டு பேரும்தான் யாழ்ப்பாணம் போகிறோம்.